திருநீறு கொடுத்த படகு

வைத்தியலிங்கம் வலது உள்ளங்கையை ஏந்திக்கொண்டு, அதில் ஏதோ உயிருள்ள குஞ்சு இருப்பதுபோல, சமையல்கட்டுக்குள் வந்தார்.

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அம்மா, இதைப் பாருங்க.”

“கையைக் கழுவுங்க.”

“பாருங்கம்மா. திருநீறு. நம்ம படகு கொடுக்குது.”

குரு நிமிர்ந்தார். சீடரின் கை முழுக்க வெள்ளைப் பொடி. அதில் பாதி ஏற்கெனவே நெற்றிக்கு ஏறியிருந்தது.

குருவின் பெயர் தில்லைநாயகி. வயது நாற்பத்தாறு. மடத்தில் எல்லோருக்கும் அம்மா. எப்படிக் குருவானீர்கள் என்று யாராவது பயபக்தியோடு கேட்டால், “எனக்கு முன்னாடி இருந்தவர் போய்ச் சேர்ந்தார். சமைக்கத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான் மிச்சம்” என்பார்.

வைத்தியலிங்கம் அவரைவிட மூத்தவர். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில் வருவதற்கு வெகுநேரம் முன்பே பச்சைக் கொடியோடு போய் நிற்கிற பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. ஆறு வருடமாக மடத்தில் சீடர்.

“எப்படிக் கொடுத்துச்சு?” என்றார் குரு.

“சும்மா கையை வச்சேன். அவ்வளவுதான். தானா வந்துச்சு.”

குரு கீரைத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். கொல்லைப்புறம் போனார். கிணற்றடியில், வருடக்கணக்காக வெயிலில் கிடந்த நீல பிளாஸ்டிக் வாளி ஒன்று இருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். கையைத் திருப்பிச் சீடருக்குக் காட்டினார். வெள்ளைப் பொடி.

“வாளியும் கொடுக்குது. இதுக்கும் மாலை போட்டுடலாமா?”

வைத்தியலிங்கம் வாளியைப் பார்த்தார். கண் கலங்கியது.

“அதுவும் மடத்து வாளிதானேம்மா” என்று கும்பிட்டார்.

குரு திரும்பிப் போய் மிச்சக் கீரையை ஆய்ந்தார். காம்பும் இலையும் ஒன்றாகவே சட்டிக்குள் போயின.

*

படகு வந்த கதை இது. மடம் உப்பங்கழிக் கரையில் இருந்தது. எதிரே தண்ணீருக்கு நடுவில் கோரைத்திட்டு. அங்கே கொஞ்சம் வீடுகள். சேற்றில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கிறவர்கள். அவர்களிடம் இருந்த ஒரே மரப்படகைப் புயல் இரண்டாக உடைத்துப் போட்டது. கடலுக்குப் போகிற படகுகள் கனமானவை. கழிச் சேற்றில் தட்டி நின்றுவிடும். தண்ணீர் வற்றிய நேரத்தில் இடுப்பளவு சேற்றில் நடக்கலாம். ஏறிய நேரத்தில் அதுவும் முடியாது.

போன வருடம் திட்டில் தவமணி என்கிற பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தது. கயிற்றுக் கட்டிலில் போட்டு நான்கு பேர் தோளில் தூக்கி வந்தார்கள். நடுக் கழியில் தண்ணீர் ஏறியது. கட்டில் நனைந்தது, அவள் நனைந்தாள். கரைக்கு வந்து சேர்ந்தபோது குழந்தை இல்லை.

தவமணி இப்போது மறுபடி மாசமாக இருந்தாள்.

“இந்தத் தடவை உனக்குப் படகு வரும்” என்று குரு அவளிடம் சொல்லியிருந்தார். சொன்னதற்காகத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் கேட்டார். கடைசியில் பட்டணத்துப் பணக்காரர் ஒருவர், பிள்ளைகள் விளையாடிவிட்டுத் தோட்டத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த ஃபைபர் படகைக் கொடுத்தார். மோட்டாரைக் கழற்றி வைத்துக்கொண்டுதான் தர்மம் செய்தார். ஒரு ஜோடி துடுப்பும், மோட்டார் போன துக்கத்துக்கு ஆறுதல்போல ஒரு பாலிஷ் மெஷினும் இரண்டு டப்பாக்களும் கூட வந்தன.

ஒரு காலத்தில் அது கருநீலப் படகாக இருந்திருக்க வேண்டும். இப்போது சாம்பல் பூத்துக் கிடந்தது. ஓட்டை இல்லை, விரிசல் இல்லை. கழியில் இறக்கிவிட வேண்டியதுதான் பாக்கி.

அதற்குள் வைத்தியலிங்கம் கையை வைத்துவிட்டார்.

*

செய்தியை அவர் யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் சாதித்தார். பாத்திரக் கடை சௌந்தரம்மாளிடம் மட்டும் சொன்னாராம். சௌந்தரம்மாளிடம் சொல்வதும் ஒலிபெருக்கி கட்டுவதும் ஒன்றுதான்.

இரண்டு நாளில் படகுக்கு மேலே பந்தல் வந்தது. முகப்பில் மாலை. ஓரத்தில் குத்துவிளக்கு. வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் படகைத் தடவினார்கள், நெற்றியில் பூசினார்கள், மிச்சத்தைக் காகிதத்தில் மடித்தார்கள்.

குரு வெளியே வந்து நின்றார்.

“இங்க பாருங்க. இது பிளாஸ்டிக் மாதிரி ஒரு சாமான். வெயில்ல வெந்து மேல்தோல் உதிருது. அவ்வளவுதான். எல்லாரும் வீட்டுக்குப் போங்க.”

சௌந்தரம்மாள் முன்னால் வந்து கை கூப்பினார்.

“அம்மா நம்மளைச் சோதிக்கிறாங்க.”

“நான் யாரையும் சோதிக்கல.”

“பார்த்தீங்களா, எவ்வளவு அடக்கம்!” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார் சௌந்தரம்மாள். கூட்டம் உருகியது. ஒரு பாட்டி விழுந்தே கும்பிட்டாள்.

அந்த நேரத்தில் ஓர் இளம் பெண் ஒரு சிட்டிகைப் பொடியை எடுத்து மடியிலிருந்த குழந்தையின் வாயில் வைக்கப் போனாள். குரு பாய்ந்துபோய்க் கையைத் தட்டிவிட்டார். பொடி சிதறியது. குழந்தை வீறிட்டது.

“ஏம்மா, உனக்கு அறிவு இருக்கா? கடையில விக்கிற வாளியைச் சுரண்டிப் பிள்ளைக்குக் கொடுப்பியா?”

“அம்மா கையாலேயே அடி வாங்கியிருக்கா. கொடுத்து வச்சவ” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

குரு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே பாத்திரங்கள் உருளும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

*

மறுநாள் கிராமத்து நர்ஸ் வந்தார். புடவை இடுப்புவரை சேறு. திட்டுக்கு நடந்தே போய்விட்டு வருகிறார்.

“படகு எங்கம்மா?”

குரு பந்தலைக் காட்டினார். நர்ஸ் மாலையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், குருவைப் பார்த்தார்.

“அங்க தவமணிக்குப் பிள்ளை குறுக்க கிடக்கு. வலி எடுத்தப்புறம் கொண்டாந்தா பிரயோஜனம் இல்ல. நாள் நெருங்குது, அமாவாசைக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில சேர்த்தாகணும். கட்டில்ல தூக்கிட்டு வர்ற பேச்சே வேண்டாம், சொல்லிட்டேன்.”

“இறக்கிடலாம்” என்றார் குரு.

“எதை?” என்றார் சௌந்தரம்மாள், பந்தலிலிருந்து.

“படகை.”

“தண்ணியிலயா?”

“வேற எதுல இறக்குவாங்க சௌந்தரம்?”

“அதுல மனுஷங்க ஏறுவாங்களே. கால் படுமே.”

“படகுல கால் வைக்காம, தலையாலயா ஏறுவாங்க?”

“அம்மா, திருநீறு கொடுக்கிற மேனி. அதுல கால் வைக்க விட மாட்டோம். வேற ஏற்பாடு பண்ணிக்கச் சொல்லுங்க.”

நர்ஸ் புடவையைப் பிழிந்தார். பந்தலுக்குள் சேற்றுத் தண்ணீர் ஓடியது. “ஏற்பாடு பண்ணிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டார்.

குரு திரும்பினார். வைத்தியலிங்கம் தூணோடு தூணாக நின்றிருந்தார்.

“ஸ்டேஷன் மாஸ்டரே.”

“அம்மா.”

“திருநீறு வர்றது நிக்கணும். நின்னா பந்தல் தானா பிரியும். படகை நல்லாச் சுத்தம் பண்ணிப் பளபளன்னு ஆக்கி வையுங்க. நான் ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ப் படுக்கைக்குச் சொல்லிட்டு வந்துடறேன்.”

“நானா அம்மா?”

“வேற யாரு? கையை வச்சது நீங்கதானே?”

*

சாயங்காலம் குரு திரும்பி வந்தபோது படகு பளபளவென்றுதான் இருந்தது. புதுப் படகுபோலக் கருநீலமாக மின்னியது. வைத்தியலிங்கம் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

குரு கிட்டே போனார். மூக்கைச் சுருக்கினார்.

“என்ன வாசனை இது?”

“நல்லெண்ணெய்ம்மா. எண்ணெய்க்காப்பு. சந்நிதியில அம்மனுக்குச் சாத்துவோம்ல, அதேதான். கல்லே மினுங்குது, இது மினுங்காதா?”

குரு வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

“டப்பா ரெண்டு வந்துச்சே. அதைத் தொறந்தீங்களா?”

“இல்லம்மா.”

“அதுமேல என்ன எழுதியிருக்குன்னாவது படிச்சீங்களா?”

“இங்கிலீஷ்ல இருந்துச்சு.”

“ரயில்வேயில நீங்க இத்தனை வருஷமும் தமிழ்லயா தந்தி அடிச்சீங்க?”

அதற்குள் கழிப்பக்கத்துக் காற்று எழுந்தது. மணலும் புழுதியும் எண்ணெயில் அப்பின. பின்னாலேயே எறும்பு வந்தது, அதன் பின்னால் ஈ வந்தது. இருட்டும்வரை இருவரும் சீயக்காய் போட்டுப் படகைக் கழுவினார்கள். சீயக்காய்த் தூளைக் குரு வீசிய வீச்சில் சொல்ல வேண்டியதெல்லாம் இருந்தது.

விடிந்து வெயில் ஏறியதும் படகு பழையபடி சாம்பல் பூத்தது. சௌந்தரம்மாள் தொட்டுப் பார்த்துவிட்டுக் கூவினார்.

“எண்ணெய்க்காப்பு சாத்தினதும் இன்னும் நிறையக் கொடுக்குது!”

குரு சீடரைப் பார்த்தார். சீடர் தரையைப் பார்த்தார்.

*

மதியத்தில் கூட்டம் சாப்பிடப் போனபோது, குரு சமையல்கட்டிலிருந்து ஒயர் இழுத்து மெஷினை மாட்டினார். வெயில் படாமல் தேய்க்கப் பந்தல் நிழலாவது உதவியது.

“ஒரு முறம் அகலத்துக்கு இடம் எடுத்துக்கோங்க. அதுல இந்தப் பசையைத் தடவி மெஷினை வைங்க. அது முடிஞ்சு அடுத்த முறம். ஒரேயடியா எல்லாத்தையும் பூசி வச்சா காஞ்சு கல்லாயிடும். பொடி சுத்தமாப் போனப்புறம்தான் ரெண்டாவது டப்பா, மெழுகு. பொடிமேலயே மெழுகைப் பூசினா எண்ணெய் கதைதான். புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதும்மா.”

மெஷின் ஓடியது. பசை தெறித்து வைத்தியலிங்கத்தின் தாடியில் விழுந்தது. அவர் மெஷினைப் படகின்மேல் பட்டும் படாமலும், சாமிக்குச் சந்தனம் தடவுவதுபோல வைத்து எடுத்தார்.

“அழுத்துங்க.”

“வலிக்குமேம்மா.”

“யாருக்கு?”

வைத்தியலிங்கம் மெஷினை நிறுத்தினார்.

“அம்மா, ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்கக் கூடாது.”

“ஏற்கெனவே கோவமாத்தான் இருக்கேன். கேளுங்க.”

“இது திருநீறு இல்லன்னு எப்படிச் சொல்றீங்க?”

“வெயில்ல வெந்து உதிர்ந்தது. சொன்னேன்ல?”

“திருநீறும் வெந்து உதிர்ந்ததுதானேம்மா? சாணியைச் சுட்டுத்தானே எடுக்கிறோம்?”

குரு அவரையே பார்த்தார். ஆறு வருடத்தில் இந்த மனிதர் கேட்ட முதல் நல்ல கேள்வி இது. இன்றைக்குப் பார்த்துக் கேட்கிறார்.

“அதைப் பிள்ளை வாயில வச்சா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. இதை வச்சா ஆகும். தேய்ங்க.”

மெஷின் ஓடியது. நின்றது.

“அம்மா.”

“இன்னும் என்ன?”

“ஆறு வருஷமா உங்க முன்னாடி உட்காருறேன். பக்கத்துல உட்கார்ந்தவங்களுக்கெல்லாம் ஏதேதோ நடந்துச்சு. ஒருத்தருக்கு வெளிச்சம் தெரிஞ்சுதுன்னாரு. இன்னொருத்தருக்கு மணி கேட்டுச்சு. சௌந்தரத்துக்குக் கனவுல நீங்களே வந்தீங்களாம்.”

“நான் எங்கேயும் போகல.”

“எனக்கு முழங்கால்தான்மா மரத்துச்சு. வேற ஒண்ணும் நடக்கல. ரயிலே வராத ஸ்டேஷன் மாதிரி. சிக்னலைப் போட்டுட்டு உட்கார்ந்திருந்தேன். அன்னைக்குத்தான் முதல்முதலா என் கையில ஒண்ணு வந்து ஒட்டிச்சு. என் கையில, அம்மா. இப்ப அதையும் என்னையே தேய்ச்சு எடுக்கச் சொல்றீங்க.”

அவர் தாடி நடுங்கியது. அதில் ஒட்டியிருந்த பசையும் சேர்ந்து நடுங்கியது.

குரு முந்தானையை இழுத்துச் செருகினார். டப்பாவிலிருந்து ஒரு கை பசையை அள்ளி, பழைய துணியில் வைத்து, படகின் மறுபக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“அந்தப் பக்கம் நீங்க. இந்தப் பக்கம் நான். அமாவாசை நமக்காக நிக்காது.”

மெஷின் ஒரு பக்கம் இரைந்தது. துணி மறுபக்கம் கீச்சிட்டது. வைத்தியலிங்கம் இப்போது அழுத்தினார். படகின்மேல் இருந்த கோபமோ குருவின்மேல் இருந்த கோபமோ, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். நீலம் கிளம்பியது. அது வந்த பிறகும் அதே இடத்திலேயே அழுத்தினார்.

சட்டென்று மெஷின் நின்றது. குரு ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“போதும்னு ஒண்ணு உங்க ஊர்ல கிடையாதா? மேல இருக்கிற தோல் ஒரு நகக்கனம்தான். இன்னும் தேய்ச்சா நார் தெரியும். அப்புறம் அது தண்ணி குடிக்கும். பொடியை எடுக்கச் சொன்னா படகையே எடுத்துடுவீங்க போலிருக்கே.”

“எங்க நிறுத்தறதுன்னு எப்படித் தெரியும்?”

“கையை வைங்க. ஒட்டுச்சுன்னா தேய்ங்க. ஒட்டலேன்னா விடுங்க.”

வைத்தியலிங்கம் உற்சாகமாக நிமிர்ந்தார். “இது எல்லாத்துக்கும் பொருந்துமாம்மா?”

“படகுக்குப் பொருந்தும். டப்பாவுல போட்டிருக்கு. மெஷினைப் பிடிங்க.”

*

அன்றும் மறுநாளும் தேய்த்தார்கள். கூட்டம் வந்து நின்று பார்த்தது. அம்மாவே சேவை செய்கிறார் என்று சிலர் துணியோடு ஓடிவந்தார்கள். குரு அவர்களையும் உட்காரவைத்துத் தேய்க்க விட்டார். என்ன செய்கிறோம் என்று அவர்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பிறகு மெழுகு. மெல்லிசாகத் தடவி, மங்கும்வரை விட்டு, துடைத்து எடுத்தார்கள். குரு ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துப் படகின்மேல் ஊற்றினார். சேப்பங்கிழங்கு இலையில் உருளுவதுபோலத் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது.

சௌந்தரம்மாள் வந்தார். கையை வைத்தார். பார்த்தார். இன்னோர் இடத்தில் வைத்தார். புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார்.

“எங்க போச்சு?”

“தேய்ச்சுட்டோம்” என்றார் குரு.

“தேய்ச்சா போயிடுமா தெய்வம்?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்.”

சௌந்தரம்மாள் வைத்தியலிங்கத்தின் பக்கம் திரும்பினார்.

“உங்க கையிலதானே ஐயா முதல்ல கொடுத்துச்சு? நீங்களேவா?”

வைத்தியலிங்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பந்தல்காரன் வந்து மூங்கிலைப் பிடுங்கினான். வேன்கள் போயின. காய்ந்த மாலையை ஆடு ஒன்று வந்து தின்றது.

வைத்தியலிங்கம் படகின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். உள்ளங்கையை ஒருமுறை படகில் வைத்து எடுத்தார். சுத்தமான கை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பார்த்தது போதும்” என்றார் குரு. “காலையில தண்ணி ஏறும்போது கிளம்பணும். துடுப்பு போடத் தெரியுமா?”

“தெரியாதும்மா.”

“எனக்கும் தெரியாது. நல்லதாப் போச்சு.”

*

காலையில் படகை இறக்கினார்கள். போகும்போது கழியில் இரண்டு முறை வட்டமடித்தார்கள். ஒரு முறை வந்த கரைக்கே திரும்பி வந்தார்கள். அந்தந்த வட்டத்துக்கு யார் காரணம் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. எப்படியோ திட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

தவமணி மஞ்சள் பையோடு கரையில் நின்றிருந்தாள். வயிறு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இரண்டு பெண்கள் அவளைத் தூக்கிப் படகின் நடுப்பலகையில் உட்காரவைத்தார்கள். படகு ஆடியது. அவள் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள்.

திரும்பும்போது வைத்தியலிங்கம் துடுப்பைப் பழகியிருந்தார். நேராகத்தான் போனார்கள். தண்ணீர் நிறைந்து கிடந்தது. திட்டு பின்னால் சிறுத்தது. நடுக் கழி வந்தது.

தவமணியின் மூச்சு மாறியது.

“அம்மா” என்றாள். “இங்கதான்.”

குருவுக்குப் புரிந்தது. வைத்தியலிங்கத்துக்கும் புரிந்தது. கட்டில் நனைந்த இடம்.

அவள் விரல்கள் விளிம்பில் வெளுத்தன. உடம்பு நடுங்க ஆரம்பித்தது. அவள் நடுங்கியதில் படகும் நடுங்கியது.

“திரும்பிடலாம்மா. என்னால ஆவாது. திருப்பச் சொல்லுங்க.”

“திரும்பினாலும் இதே தூரம்தான்” என்றார் குரு.

“அம்மா, நான் எழுந்துடுவேன் போலிருக்கு. இறங்கிடுவேன் போலிருக்கு.”

எழுந்தால் படகு கவிழும். வைத்தியலிங்கம் துடுப்பைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் இருந்தார்.

தவமணி ஒரு கையைப் பிரித்துப் படகின் பக்கத்தை வேகவேகமாகத் தடவினாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி தடவினாள்.

“இதுல திருநீறு வரும்னாங்களே ஐயா? எல்லாருக்கும் வந்துச்சாமே? எனக்கு மட்டும் வரலியே.”

வைத்தியலிங்கத்தின் முகம் செத்துவிட்டது.

“இப்ப வராதும்மா. நான்தான்...” அவரால் முடிக்க முடியவில்லை. இடுப்பைத் தடவினார். மடத்துத் திருநீற்றுப் பை மடத்திலேயே மாட்டியிருந்தது. தன் நெற்றியைத் தொட்டார். துடுப்பு போட்ட வேர்வையில் அங்கேயும் எதுவும் இல்லை. குருவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆறு வருடத்துக் கோபமும் இருந்தது.

தவமணி ஒரு காலை ஊன்றி எழ ஆரம்பித்தாள்.

குரு முழங்காலில் நகர்ந்து அவள் எதிரே வந்தார். அவள் தோளை ஒரு கையால் அழுத்தி உட்காரவைத்தார். மறு கையைப் படகுக்கு வெளியே நீட்டிக் கழிக்குள் விட்டார். திருநீறு பூசுகிற மூன்று விரலையும் நனைத்து எடுத்து, அவள் நெற்றியில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நிதானமாக இழுத்தார்.

தவமணி கண்ணை மூடிக்கொண்டாள். தண்ணீர் புருவத்தில் இறங்கி மூக்கோரமாக வழிந்தது. அவள் துடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அந்தக் கை வயிற்றின்மேல் போய் உட்கார்ந்தது.

படகு ஆட்டம் நின்றது.

வைத்தியலிங்கம் துடுப்பை இன்னும் தூக்கியபடியே இருந்தார். அவள் காதில் விழாதபடி குனிந்து, பல்லுக்கு நடுவே கேட்டார்.

“அம்மா, அது திருநீறு இல்ல.”

“இல்ல.”

“படகு கொடுத்ததைப் பொய்னு சொன்னீங்க. கை தோல் உரியத் தேய்க்க வச்சீங்க. ஊரே என்னைத் துரோகின்னு பார்த்துச்சு. இப்ப நீங்க வச்சது என்ன? வெறும் தண்ணி.”

“ஆமா.”

“வெறும் கழித்தண்ணிம்மா!”

குரு நனைந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

“உங்களோட பெரிய ரோதனை, ஸ்டேஷன் மாஸ்டரே. இவ்வளவு நேரமா நாம எதுமேல வந்துக்கிட்டிருக்கோம்னு நினைச்சீங்க? துடுப்பைப் போடுங்க.”